ஒளித்து வைத்த வரலாறு: ஆக்கிரமிப்பு அருங்காட்சியகம் எப்படி உருவாகிறது?

அருங்காட்சியகம் என்றதும் நம் நினைவுக்கு வருவது ராஜா காலத்து வாள், ஐம்பொன் சிலை, பழைய நாணயம், கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முதுமக்கள் தாழி. ஒன்று அரண்மனையிலிருந்து வந்திருக்கும், இல்லையென்றால் மண்ணைத் தோண்டி எடுத்ததாக இருக்கும். ஐரோப்பாவில் பால்டிக் கடலோரம் உள்ள மூன்று சின்ன நாடுகளில் வேறு ஒரு வகை அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே இருக்கும் பொருள்களில் நிறைய, ஆட்சியாளர்களின் கண்ணில் படாமல் சாதாரண மக்கள் பரணிலும் பெட்டிக்கு அடியிலும் பல வருஷம் மறைத்து வைத்திருந்தவை. இவற்றை ஆக்கிரமிப்பு அருங்காட்சியகம் என்கிறார்கள். அந்நிய ஆட்சி ஒன்று நாட்டைப் பிடித்து, மக்களின் வாழ்க்கை மொத்தத்தையும் தன் கைக்குள் வைத்திருந்த காலத்தைப் பதிவு செய்வதுதான் இவற்றின் வேலை.

இப்படி ஒன்றை எப்படித் தொடங்குகிறார்கள், பொருள்கள் எங்கிருந்து வருகின்றன, சண்டை எங்கே வருகிறது என்பதையெல்லாம் லாட்வியாவின் தலைநகரான ரீகாவில் உள்ள அருங்காட்சியகத்தை வைத்துப் பார்க்கலாம். பக்கத்து நாடுகளான எஸ்டோனியாவும் லிதுவேனியாவும் நடுநடுவே வரும்.

முதலில் கொஞ்சம் பின்னணி

லாட்வியாவின் மக்கள்தொகை இன்றைக்கும் 20 லட்சத்துக்குக் குறைவுதான். 1918-இல் சுதந்திர நாடானது. 1939 ஆகஸ்ட் 23 அன்று ஹிட்லரின் ஜெர்மனியும் ஸ்டாலினின் சோவியத் யூனியனும் ஓர் ஒப்பந்தம் போட்டன. அதன் ரகசியப் பகுதியில் கிழக்கு ஐரோப்பாவை இரண்டு பேரும் பங்கு பிரித்துக்கொண்டார்கள். லாட்வியா ஸ்டாலின் பங்கில் விழுந்தது. 1940 ஜூன் 17 அன்று சோவியத் படை உள்ளே வந்தது. ஆகஸ்டுக்குள் நாடு சோவியத் குடியரசுகளில் ஒன்றாகிவிட்டது. அடுத்த வருஷமே ஜெர்மனி படையெடுத்து வந்து பிடித்துக்கொண்டது. 1944, 45-இல் ஜெர்மானியர் தோற்று ஓட, மறுபடியும் சோவியத். அது 1991 வரை நீடித்தது. ஆக, 51 வருஷத்தில் மூன்று ஆக்கிரமிப்புகள்.

1941 ஜூன் 14 அன்று ஒரே இரவில் சுமார் 15,000 பேரை வீட்டுக் கதவைத் தட்டி எழுப்பி, சரக்கு ரயில் பெட்டிகளில் ஏற்றினார்கள். ரயில் நிலையத்திலேயே ஆண்களைத் தனியே பிரித்துக் கட்டாய உழைப்பு முகாம்களுக்கும், பெண்களையும் குழந்தைகளையும் சைபீரியக் கிராமங்களுக்கும் அனுப்பினார்கள். 1949 மார்ச் 25 அன்று தொடங்கிய இரண்டாவது பெரிய நாடு கடத்தலில் 42,000-க்கும் மேற்பட்டோர் போனார்கள். இந்த முறை பெரும்பாலும் விவசாயக் குடும்பங்கள். மிச்சமிருந்த விவசாயிகள் பயந்துபோய்க் கூட்டுப்பண்ணையில் சேர்ந்துவிடுவார்கள் என்பது கணக்கு. கணக்கு தப்பவில்லை. இடையில் ஜெர்மானியர் ஆண்ட காலத்தில் லாட்வியாவின் யூதர்களில் சுமார் 70,000 பேர் கொல்லப்பட்டார்கள். ரீகாவுக்கு வெளியே ரும்புலா காட்டில் 1941 நவம்பர் 30, டிசம்பர் 8 ஆகிய இரண்டே நாள்களில் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் மட்டும் சுமார் 25,000 பேர்.

இந்த எண்களை ஒரு நினைவுத் தூணில் பொறித்துவிடலாம். அப்புறம் எதற்கு அருங்காட்சியகம் என்று கேட்கலாம். இந்த மாதிரி ஆட்சி கொலையோடும் சிறையோடும் நிற்பதில்லை, அதுதான் காரணம். மற்ற சர்வாதிகாரிகள் பெரும்பாலும் "என்னை எதிர்க்காதே" என்பதோடு விட்டுவிடுவார்கள். இது சமையலறை வரை வரும். 1941 மார்ச்சில் லாட்வியாவின் பணமான லாட்ஸ் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். சேமித்து வைத்திருந்தவர்கள் கையில் வெறும் காகிதம் மிஞ்சியது. நவம்பர் 18, சுதந்திர நாள், கொண்டாடக்கூடாத நாளாகிவிட்டது. பழைய தேசியக்கொடி வீட்டில் இருந்தால் ஆபத்து. தாத்தா எங்கே என்று பிள்ளை கேட்டால், அது பள்ளியில் போய் உளறிவிடுமோ என்று பயந்து பெற்றோர் பேச்சை மாற்ற வேண்டியிருந்தது.

ரீகாவின் முக்கியமான சாலை ஒன்றின் கதையைச் சொன்னால் இது இன்னும் சுலபமாகப் புரியும். சுதந்திர லாட்வியாவில் அதன் பெயர் பிரீவீபாஸ், அதாவது சுதந்திரத் தெரு. ஜெர்மானியர் வந்ததும் அடால்ஃப் ஹிட்லர் தெரு. சோவியத் காலத்தில் லெனின் தெரு. இப்போது திரும்பவும் பிரீவீபாஸ். அந்தத் தெருவிலேயே பிறந்து அங்கேயே கிழவியான ஒருத்தி, வீடு மாறாமலே வீட்டு முகவரியை எத்தனை முறை மாற்றி எழுதியிருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள்.

யார் தொடங்கினார்கள்?

அரசாங்கம் தொடங்கவில்லை. பவுலிஸ் லாஸ்டா என்ற வரலாற்றுப் பேராசிரியர் தொடங்கினார். லாட்வியாவில் பிறந்து, போரின்போது குடும்பத்தோடு வெளியேறி, அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் ஓ கிளேர் நகரப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். சோவியத் பிடி தளர்ந்ததும் ரீகாவுக்கு வந்து, ஒத்த கருத்துள்ளவர்களைச் சேர்த்து ஓர் அறக்கட்டளை அமைத்தார். வெளிநாடுகளுக்குச் சிதறிப்போன லாட்வியர்கள் பணம் அனுப்பினார்கள். 1993-இல் முதல் கண்காட்சி திறக்கப்பட்டது. அப்போது ரஷ்யப் படைகள் இன்னும் நாட்டைவிட்டுப் போயிருக்கவில்லை. அவை வெளியேறியது 1994 ஆகஸ்ட் 31 அன்று. எல்லாம் அடங்கட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று லாஸ்டா காத்திருக்கவில்லை. 1941-இல் முப்பது வயதாக இருந்தவருக்கு 1993-இல் எண்பதைத் தாண்டியிருக்கும். சாட்சிகள் போய்ச் சேர்வதற்குள் பதிவு செய்தாக வேண்டும்.

கிடைத்த கட்டிடம் இருக்கிறதே, அதுதான் வேடிக்கை. ரீகாவின் பழைய நகரத்தில், டௌகவா ஆற்றங்கரைக்கு அருகில், கறுத்த பெட்டி போன்ற ஒரு கட்டிடம். ரஷ்யப் புரட்சியில் லெனினுக்குத் துணை நின்ற லாட்வியச் செம்படைத் துப்பாக்கி வீரர்களின் புகழ் பாடுவதற்காக 1970-களின் தொடக்கத்தில் சோவியத் அரசு கட்டிய அருங்காட்சியகம் அது. அதே சுவர்களுக்குள் சோவியத் ஆட்சியின் கொடுமைகளைக் காட்டும் அருங்காட்சியகம் குடியேறியது. இடித்துத் தள்ள வேண்டும் என்று சொன்னவர்களும் உண்டு. இடிக்காமல் விட்டதே நல்லது என்பது என் கட்சி. கட்டிடமும் ஒரு சாட்சிதான்.

பிற்பாடு அதை விரிவாக்க முடிவு செய்தபோது, லாட்வியாவில் பிறந்து அமெரிக்காவில் பெயர் பெற்ற கட்டிடக் கலைஞர் குனார்ஸ் பிர்கெர்ட்ஸ் வரைபடம் தந்தார். கறுத்த பழைய கட்டிடத்தோடு ஒட்டி வெள்ளை நிறத்தில் ஒரு புதுப்பகுதி. அதற்கு 'எதிர்கால இல்லம்' என்று பெயர். 2012-இல் அருங்காட்சியகம் தற்காலிக இடத்துக்குப் போனது. திரும்பி வந்து கதவு திறக்கப் பத்து வருஷம் ஆகிவிட்டது. 2022 ஜூனில் திறந்தபோது பிர்கெர்ட்ஸ் உயிரோடு இல்லை, 2017-லேயே காலமாகிவிட்டார். பொதுவாகவே இந்த வேலையில் கட்டிடம்தான் ஆளைக் கொல்லும். தொடங்க நினைப்பவர்கள் முதலில் கட்டிடத்தைத் தேடி அலையாமல் பொருள்களையும் பேச்சையும் சேகரிக்க ஆரம்பிப்பதுதான் புத்திசாலித்தனம்.

எஸ்டோனியாவின் தலைநகர் தாலினிலும் ஏறக்குறைய இதே கதைதான். அங்கே தொடங்கியவர் ஓல்கா கிஸ்ட்லர் ரிட்சோ. எஸ்டோனியாவில் வளர்ந்து, 1944-இல் தப்பியோடி, அமெரிக்காவில் கண் மருத்துவராக இருந்தவர். அவருடைய குடும்ப அறக்கட்டளையின் பணத்தில் 2003-இல் ஆக்கிரமிப்பு அருங்காட்சியகம் திறந்தது.

சான்று எங்கே இருக்கிறது?

இதுதான் இந்த வேலையின் கடினமான கேள்வி. அடக்குமுறை அரசுகள் ஏராளமாக எழுதி வைக்கும். ஆனால் எல்லாம் அவற்றின் பாஷையில் இருக்கும். பத்து மாடு வைத்திருந்த விவசாயி கோப்பில் 'வர்க்க எதிரி' ஆகிவிடுவான். அவன் நல்லவனா, பாட்டுப் பாடுவானா, மனைவி பெயர் என்ன என்பதெல்லாம் கோப்புக்குத் தேவையில்லை.

அந்தக் கோப்புகளாவது முழுசாகக் கிடைத்தனவா என்றால், அதுவும் இல்லை. லாட்வியாவில் இயங்கிய சோவியத் ரகசியப் போலீஸான கேஜிபி தன் ஆவணங்களில் பெரும்பகுதியை அகற்றிவிட்டது. மிஞ்சியதில் முக்கியமானது, உளவு சொன்னவர்களின் பெயர் அட்டைகள். சாக்குகளில் கட்டிக் கிடந்ததால் மக்கள் இவற்றை 'செக்காவின் சாக்குகள்' என்றார்கள். செக்கா என்பது அந்த ரகசியப் போலீஸின் ஆதிப்பெயர். 4,000-க்கும் மேற்பட்ட அட்டைகள். வெளியிடலாமா கூடாதா என்று நாடே பல வருஷம் அடித்துக்கொண்டு, கடைசியில் 2018 டிசம்பரில் இணையத்தில் போட்டார்கள். ஓர் அட்டையில் ஆளின் பெயர், புனைபெயர், சேர்த்த தேதி போன்ற விவரங்கள் இருக்கும். அவர் யாரைக் காட்டிக்கொடுத்தார், மிரட்டப்பட்டுச் சேர்ந்தாரா, ஒரு வார்த்தையாவது சொன்னாரா என்பது அட்டையில் இல்லை. அதைச் சொல்ல வேண்டிய கோப்பு காணாமல் போய்விட்டது. இப்படிப்பட்ட அட்டையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கீழே 'உளவாளி' என்று எழுதிவிடுவது சுலபம். நியாயமா என்பது வேறு விஷயம்.

ஆகவே மறுபக்கச் சான்று மக்களிடமிருந்து வர வேண்டும். லாட்வியாவில் அப்படி வந்தவற்றில் என்னை மிகவும் கவர்ந்தவை மரப்பட்டைக் கடிதங்கள். சைபீரியாவில் காகிதத்துக்குப் பஞ்சம்; பிர்ச் மரத்துக்குப் பஞ்சமில்லை. வடமொழியில் பூர்ஜம் என்று சொல்லப்படும் மர வகைதான் அது. அதன் வெள்ளைப் பட்டை மெல்லிய ஏடு ஏடாக உரியும். நாடு கடத்தப்பட்டவர்கள் அதை உரித்து, அஞ்சலட்டை அளவுக்கு நறுக்கி, பொடி எழுத்தில் ஊருக்குக் கடிதம் எழுதினார்கள். உடம்பு சரியில்லை, பிள்ளை வளர்ந்துவிட்டான், அப்பாவைப் பற்றி ஏதாவது தகவல் உண்டா என்கிற மாதிரியான விஷயங்கள்தான் இப்படிப்பட்ட கடிதங்களில் ஓடும். ஊரில் அதைப் பெற்றவர்கள் சோவியத் காலம் முழுக்கப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள். லாட்விய அருங்காட்சியகங்களில் உள்ள இத்தகைய கடிதங்கள் 2009-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகத் திட்டத்தின் லாட்வியத் தேசியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

நம் ஓலைச்சுவடி மாதிரியே இந்தப் பட்டைக்கும் வயதானால் நொறுங்கும் குணம் உண்டு. வெளிச்சம் பட்டால் மை வெளுக்கும். அதனால்தான் இத்தகைய அருங்காட்சியகங்களில் கடிதமும் துணியும் இருக்கும் அறைகள் மங்கலாக இருக்கின்றன. 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் படக்கூடாது என்பது துறையில் பொதுவாகப் பின்பற்றும் அளவு. பார்வையாளர்கள் சோகச் சூழலுக்காக இருட்டாக்கியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கடிதம் தானே பேசும். மற்றப் பொருள்கள் பேசாது. முகாமில் தகரத்தை வெட்டிச் செய்த கரண்டி ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் செய்தது, எந்த முகாம், எந்த வருஷம், எப்படி வீடு வந்து சேர்ந்தது, இத்தனை நாள் யார் வைத்திருந்தார்கள் என்பதைக் கொடுப்பவரிடம் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். நன்கொடைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். பதிவேட்டில் எண் போட்டு, அதே எண்ணைப் பொருளிலும் குறிக்க வேண்டும். இது செய்யாவிட்டால், கொடுத்தவர் காலமான பிறகு அது வெறும் பழைய கரண்டி. பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான். சின்ன அருங்காட்சியகங்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் இங்கேதான். திறப்பு விழா பிரமாதமாக நடக்கும், பதிவேடு காலியாக இருக்கும்.

பொருளே இல்லாதவர்களும் நிறைய இருப்பார்கள். அவர்களிடம் இருப்பது நினைவு மட்டும். ரீகாவில் 1990-களின் நடுவிலிருந்து சாட்சிகளைக் காணொளியில் பதிவு செய்து வருகிறார்கள். 2,000-க்கும் மேற்பட்ட பதிவுகள் சேர்ந்திருக்கின்றன. இதற்கென்று ஒரு முறை உண்டு. "உங்களை எப்போது கைது செய்தார்கள்?" என்று ஆரம்பித்தால், பேசுபவர் தன்னைக் கைதி என்ற ஒரே வட்டத்துக்குள் அடைத்துக்கொள்வார். குழந்தைப்பருவத்திலிருந்து தொடங்க வேண்டும்: வீடு எப்படி இருந்தது, அப்பா என்ன வேலை பார்த்தார், பண்டிகைக்கு என்ன சமைத்தார்கள். அப்போதுதான் எது பறிபோனது என்று தெரியும். திரும்பி வந்த பிறகு என்ன ஆனது என்பதையும் கேட்க வேண்டும், ஏனென்றால் பலருக்குச் சொந்த ஊரில் வேலையும் வீடும் மறுக்கப்பட்டன. தேதிகளை நினைவு மாற்றிச் சொல்லும். அது பொய் ஆகாது. நாடு கடத்தப்பட்டோரின் பெயர்ப் பட்டியலை லாட்விய அரசு ஆவணக் காப்பகம் வெளியிட்டிருப்பதால், தேதியை அங்கே சரிபார்த்துக்கொள்ளலாம். அந்த இரவு அம்மா அவசரத்தில் எதை மூட்டை கட்டினாள் என்பது எந்தப் பட்டியலிலும் இருக்காது.

இடமே பொருளாகும்போது

சில ஊர்களில் சிறைச்சாலையே அப்படியே கிடைத்துவிடும். ரீகாவில் பிரீவீபாஸ் தெரு 61-ஆம் எண் கட்டிடம், மக்கள் வாயில் 'மூலை வீடு'. 1912-இல் வாடகை வீடுகளும் கடைகளுமாக அழகாகக் கட்டப்பட்டது. பிறகு கேஜிபியின் தலைமையகமானது. 2014-இல் பொதுமக்களுக்குத் திறந்து, இப்போது ஆக்கிரமிப்பு அருங்காட்சியகத்தின் கிளையாக நடத்துகிறார்கள். அடித்தளத்தில் சிறை அறைகள் இருக்கின்றன. ஆனால் பலரை நிற்க வைப்பது வாசலில் உள்ள ஒரு தபால்பெட்டி. கைதான உறவினரைப் பற்றி விசாரித்து எழுதும் மனுவையும் அதில் போடலாம், பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றிய மொட்டைக் கடுதாசியையும் அதிலேயே போடலாம்.

மாஸ்கோவில் இதே அமைப்பின் தலைமையகமான லுபியாங்காவைப் பற்றி ஒரு நக்கல் உண்டு: ஊரிலேயே உயரமான கட்டிடம் அதுதான், அதன் நிலவறையிலிருந்து பார்த்தாலே சைபீரியா தெரியும். பயந்து வாழ்ந்தவர்கள் இப்படித்தான் சிரித்துக்கொண்டார்கள். இந்த மாதிரி நக்கல்களையும் அருங்காட்சியகங்கள் சேகரிக்க வேண்டும் என்பேன்.

நம்மவர் செய்த குற்றம்

ஆக்கிரமிப்பு அருங்காட்சியகம் ஒன்று நல்லதா என்று அறிய ஒரே ஒரு இடத்தைப் பார்த்தால் போதும். தன் சொந்த மக்களில் சிலர் செய்த குற்றத்தை அது எப்படி எழுதியிருக்கிறது?

லாட்வியாவில் யூதர்களைக் கொன்றவர்கள் ஜெர்மானியர்கள் மட்டும் அல்ல. விக்டர்ஸ் அராய்ஸ் என்ற லாட்வியன் தலைமையில் ஒரு படையே அதில் இறங்கியது. அடுத்து, 1943 முதல் ஜெர்மானியர் லாட்விய இளைஞர்களைத் தங்கள் படைக்கு இழுத்தார்கள். சோவியத் படையிலும் லாட்வியர்கள் இருந்தார்கள். ஒரே ஊர்க்காரர்கள் எதிரெதிர் அணியில் நின்று சுட்டுக்கொண்டார்கள். பாதிக்கப்பட்டவன், குற்றவாளி, எதுவும் செய்யாமல் வேடிக்கை பார்த்தவன் மூவரும் ஒரே குடும்பத்தில் இருந்திருக்கலாம். 'நாம் அப்பாவிகள், அவர்கள் அரக்கர்கள்' என்று எழுதினால் சுவர் நிரம்பும், வரலாறு ஆகாது.

லிதுவேனியாவின் வில்னியஸ் நகரில் பழைய கேஜிபி கட்டிடத்தில் 1992-இல் தொடங்கிய அருங்காட்சியகம், தன்னை இனப்படுகொலைக்குப் பலியானவர்களின் அருங்காட்சியகம் என்று அழைத்துக்கொண்டது. உள்ளே போனால் கிட்டத்தட்ட எல்லாம் சோவியத் கொடுமைகள். அந்நாட்டில் சுமார் இரண்டு லட்சம் யூதர்கள் நாஜி காலத்தில் கொல்லப்பட்டார்கள். அவர்களைப் பற்றி ஒன்றுமே இல்லாத நிலை. கடும் விமர்சனத்துக்குப் பிறகு 2011-இல் ஒரு சிறை அறையை யூதப் படுகொலைக்கு ஒதுக்கினார்கள். 2018-இல் பெயரையும் மாற்றினார்கள். ஹங்கேரியின் புடாபெஸ்டில் 2002-இல் திறந்த 'பயங்கர இல்லம்' என்ற அருங்காட்சியகத்தின் மீதும் இதே குற்றச்சாட்டு உண்டு: கம்யூனிஸ்ட் காலத்துக்கு ஏகப்பட்ட அறைகள், உள்நாட்டு நாஜிகளுக்குக் கொஞ்சம்தான். ரீகா அருங்காட்சியகம் இரண்டு ஆட்சிகளையும் ஒரே கண்காட்சியில் வரிசையாக வைத்தது என்பதை அதன் பலமாகவே பார்க்கிறேன். இரண்டையும் ஒரே தராசில் வைத்துவிட்டார்கள் என்று அதையும் குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சோவியத் காலத்தில் ஏராளமான ரஷ்ய மொழிக்காரர்கள் லாட்வியாவில் குடியேறினார்கள். போருக்கு முன் சுமார் முக்கால் பங்காக இருந்த லாட்வியர்கள் 1989-இல் 52 சதவீதம். வந்தவர்களில் பெரும்பாலோர் தொழிற்சாலை வேலைக்கு வந்த சாதாரண ஆட்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் இன்று பள்ளிச் சுற்றுலாவில் இந்த அருங்காட்சியகத்துக்கு வருகிறார்கள். அவர்கள் வீட்டில் செம்படை என்றால் நாஜிகளை விரட்டிய படை, அதுவும் உண்மைதானே. ஆட்சியின் குற்றத்தை ஒரு மொழி பேசுபவர்களின் குற்றமாக ஆக்காமல் சொல்வதற்கு, வழிகாட்டிக்கு நல்ல பயிற்சியும் பொறுமையும் வேண்டும்.

இப்போது

தனியார் அமைப்பாகத் தொடங்கிய ரீகா அருங்காட்சியகம் இன்றும் சங்கம் ஒன்றின் நிர்வாகத்தில்தான் இருக்கிறது. 2006-இல் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அரசும் பணம் தருகிறது. லாட்வியாவுக்கு வரும் வெளிநாட்டுத் தலைவர்களை இங்கே அழைத்து வருவது வழக்கம். அரசுப் பணம் வந்தால் அரசின் குரலும் வந்துவிடாதா என்ற கேள்வி எப்போதும் உண்டு. தாலினில் சண்டை வேறு விதமாக வந்தது. பெயரிலிருந்து 'ஆக்கிரமிப்பு' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'விடுதலை' என்று வைக்கலாம் என்று நிர்வாகம் யோசித்தபோது, பாதிக்கப்பட்டவர்கள் கொதித்துப் போனார்கள். கடைசியில் இரண்டு சொல்லையும் சேர்த்துக்கொண்டு 'வபாமு ஆக்கிரமிப்பு, விடுதலை அருங்காட்சியகம்' என்ற பெயரில் 2018-இல் மறுபடி திறந்தார்கள்.

இதெல்லாம் பழைய கதை என்று நினைத்தால், 2024 பிப்ரவரி 28 இரவு ரீகா அருங்காட்சியகத்தின் ஜன்னலை உடைத்துப் பெட்ரோல் குண்டு வீசினார்கள். இயக்குநரின் அறை எரிந்தது. காட்சிப் பொருள்கள் தப்பின.

1949-இல் ஐந்து வயதில் ரயிலேறிய குழந்தைக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல். ரயில் பெட்டியைச் சொந்தமாக நினைவு வைத்திருப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அடுத்துச் சேகரிக்க வேண்டியது 1970-கள், 80-களின் வாழ்க்கை: இறைச்சிக்கு நின்ற வரிசை, ஒரு வீட்டில் நான்கு குடும்பம் பங்கு போட்ட சமையலறை, இரைச்சலுக்கு நடுவே ரகசியமாகக் கேட்ட வெளிநாட்டு வானொலி, வேலை போய்விடும் என்று கட்சியில் சேர்ந்தது. கொடுமை கண்ணில் தெரியாத காலம் அது. அந்தக் காலத்துப் பொருள்கள் லாட்வியர்களின் வீடுகளில் இன்னும் புழக்கத்திலேயே இருக்கின்றன. அவற்றை அருங்காட்சியகத்துக்குத் தரலாம் என்றே பலருக்கும் தோன்றுவதில்லை.